நூறு வரை

உயரமான நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை என்று சொன்னால் யாருக்கும் சிரிப்பு வரும். என் மச்சானுக்கு அது இன்றுவரை தீராத வேடிக்கை. புதிதாக யாராவது வீட்டுக்கு வந்தால், "உக்காந்த இடத்துலயே சம்பளம் வாங்குற மகராசன்" என்றுதான் என்னை அறிமுகப்படுத்துவான். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். அவன் சொல்வதில் தப்பு ஒன்றும் இல்லை.

விசாரணை அதிகாரி எனக்கு இரண்டு தாளும் ஒரு பேனாவும் கொடுத்து இந்த அறையில் உட்கார வைத்திருக்கிறார். மரியாதையான மனிதர். "எங்க இருந்தீங்க, எப்போ பாத்தீங்க, ரெண்டு வரி எழுதுங்க, போதும்" என்றார். அந்த இரண்டு வரியை நான் ஏற்கெனவே வாயால் சொல்லியிருக்கிறேன். குளத்து மோட்டார் அறையில் இருந்தேன், வெளியே வந்தபோது பார்த்தேன், உடனே குதித்தேன். எழுதிக் கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் அந்த இரண்டு வரியும் பொய். அது பொய் என்று எழுத இரண்டு தாள் போதுமா என்று தெரியவில்லை.

நகர விளையாட்டு மன்றத்து நீச்சல் குளத்தில் பதினோரு வருடமாக லைஃப்கார்டாக இருக்கிறேன். தண்ணீரில் யாராவது தத்தளித்தால் குதித்துத் தூக்கி வர வேண்டும். எங்களில் இரண்டு பேருக்குப் பகல் வேலை. ஒருவன் நாற்காலியில், மற்றவன் கீழே. அரை மணிக்கு ஒருமுறை இடம் மாறிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரே இடத்தில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தால் அரை மணியில் மனம் மழுங்கிவிடும் என்பதற்காக வைத்த விதி. சென்ற மாதம் அந்தக் குளத்தில் ஒரு பெண் இறந்துபோனார். அந்த அரை மணிக்குப் பதிவேட்டில் இருப்பது என் கூட்டாளியின் கையெழுத்து. அவனை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். வழக்கும் அவன்மேல்தான் வரப்போகிறது.

அவனை நாங்கள் சாமியார் என்று கூப்பிடுவோம். பக்தியால் வந்த பெயர் இல்லை. நாற்காலியில் ஏறினால் அரை மணி நேரம் ஆடாமல் அசையாமல் இருப்பான், அதற்காக நான்தான் வைத்தேன். எனக்கு ஐந்து நிமிடம் தாண்டாது. முதலில் தொப்பியைச் சரிசெய்வேன், பிறகு விசில் கயிற்றை விரலில் சுற்றுவேன், பிறகு எதிர்ச் சுவரில் உள்ள ஓடுகளை எண்ணுவேன். நீள வரிசையில் அறுபத்து நான்கு ஓடு. அதில் மூன்று நான் சேரும்போதே உடைந்தவை. பதினோரு வருடத்தில் நான்காவது ஒன்று உடைந்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை யாரிடமும் சொல்ல முடியாது.

அலுப்பு எல்லோருக்கும் வருவதுதான். ஆனால் சிலருக்கு அது சீக்கிரம் வருகிறது, வந்தால் உடம்பையே பிடுங்கித் தின்கிறது. நான் அந்த ரகம். சின்ன வயதில் என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியாது. இவன் முள்மேல் பிறந்தவன் என்பார் அம்மா. கூடப்பிறந்த அக்கா அப்படி இல்லை. பள்ளி விடுமுறை மதியங்களில் சுவரோரம் போகும் எறும்பு வரிசையை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். எந்த எறும்பு எதைத் தூக்குகிறது, எது நடுவில் நின்று இன்னொன்றிடம் பேசுகிறது என்று அவளுக்குள் ஒரு கதையே ஓடும். எனக்கு வெறும் எறும்புதான் தெரியும். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீரை அதன்மேல் ஊற்றுவேன். அப்போதுதான் அவை சிதறி ஓடும், ஏதோ நடக்கும், நானும் கவனமாகப் பார்ப்பேன். அக்கா அழுவாள். நான் வேண்டுமென்று கெடுதல் செய்ததாக அவள் நினைத்தாள். எனக்கு எறும்புகள்மேல் எந்தக் கோபமும் இல்லை.

குளத்துக்கு வருகிற ஒருவர் விட்டுப்போன வார இதழில் இதைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. சீக்கிரம் அலுத்துப்போகிறவர்களுக்குத் தங்கள் மனசுக்குள் என்ன நடக்கிறது என்று படிக்கத் தெரிவதில்லை, அதனால் வெளியே ஏதாவது நடந்துகொண்டே இருக்க வேண்டும் என்று மனம் கேட்கிறது என்று எழுதியிருந்தார்கள். சரியாக இருக்கலாம். என் மனைவி அடிக்கடி, "என்ன நினைச்சிட்டிருக்கீங்க?" என்பாள். ஒன்றுமில்லை என்பேன். மறைக்கிறேன் என்று அவள் சண்டை போடுவாள். உண்மையிலேயே ஒன்றும் இருக்காது.

நான் எழுதுவதில் சாக்குச் சொல்கிற வாடை வந்தால் அதை அடித்துவிடுங்கள். அலுப்பு வந்தவனெல்லாம் நான் செய்ததைச் செய்வதில்லை. சாமியாரைக் கேட்டிருக்கிறேன், உனக்கு போரடிக்காதா என்று. அவன் என்னைப் புரியாமல் பார்த்தான். "எப்படி அடிக்கும்? தலைய எண்ணிட்டே இருக்கேன்ல. உள்ள எத்தன தலை, மேல எத்தன தலை. ரெண்டும் சரியா இருந்தா ஒரு நிம்மதி. அதுக்குள்ள ஒருத்தர் முங்கிடுவாரு, மறுபடி எண்ணணும்." அவ்வளவுதான் அவன் ரகசியம். பிறகு நானும் எண்ணினேன். தலைகளை இல்லை.

முதலில் நான் காப்பாற்றியவர் ஒரு பழக்கடைக்காரர். கனத்த உடம்பு. ஆழமான பக்கத்தில் தொடை பிடித்துக்கொண்டது. தண்ணீரில் மூழ்குகிறவர்கள் சினிமாவில் வருவதுபோலக் கத்த மாட்டார்கள். வாய் தண்ணீருக்கு மேலே வந்தால்தானே கத்துவதற்கு. இல்லாத ஏணியில் ஏறுவதுபோலக் கைகளை அழுத்துவார்கள், அவ்வளவுதான். எங்கள் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது: பத்து நொடிக்குள் பார், இருபது நொடிக்குள் போய்ச் சேர். நான் பத்து நொடிக்கு முன்பே போய்விட்டேன். அவரை மேலே ஏற்றிப் படுக்க வைத்து அவர் இருமியபோது, குளத்தைச் சுற்றி நின்ற நாற்பது பேரும் என்னையே பார்த்தார்கள். அன்று தண்ணீர் நீலமாக இருந்தது. தினமும் நீலம்தான், அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வீட்டில் என் மகள் அந்தக் காட்சியைப் படம் வரைந்தாள். நான் இரண்டு கவளம் அதிகம் சாப்பிட்டேன்.

மறுநாளிலிருந்து மறுபடியும் அறுபத்து நான்கு ஓடு.

அடுத்தது நடக்கப் பல மாதம் ஆனது. இந்த முறை ஒரு பஸ் கண்டக்டர். கைகள் ஏணி ஏறத் தொடங்கியதைப் பார்த்தேன். எழுந்தேன், ஆனால் குதிக்கவில்லை. தானே சமாளித்து ஓரத்தைப் பிடித்துவிடுவார் என்று தோன்றியது. தொட்டதற்கெல்லாம் குதிக்காதே, கற்றுக்கொள்கிறவர்களுக்கு அவமானமாக இருக்கும் என்று பயிற்சியிலேயே சொல்லித்தந்திருக்கிறார்கள். மனசுக்குள் மூன்று வரை எண்ணிவிட்டுக் குதித்தேன். அந்த மூன்று எண்ணில், காது அடைத்து, உடம்பு முழுவதும் விழித்துக்கொண்டது. அது எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் பிடித்திருந்தது.

அதற்குப் பிறகு நான் தேடிப் போகவில்லை. யாரையும் தள்ளிவிடவில்லை, யாரையும் ஆழத்துக்குப் போகச் சொல்லவில்லை. தானாக வந்தால் எண்ணினேன். ஒருவருக்கு ஏழு. கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாத ஒருவருக்குப் பதினைந்து. ஒரு பல் டாக்டருக்கு முப்பத்தொன்று. அவர் வாந்தி எடுத்து முடித்து என் காலைத் தொடப் போனார், நான் பதறிப்போய்த் தடுத்தேன். எல்லோரையும் உயிரோடு கொண்டுவந்தேன், இதையும் குறித்துக்கொள்ளுங்கள். என் போட்டோ மன்றத்து அறிவிப்புப் பலகையில் இரண்டு வருடமாக இருக்கிறது. நேற்றும் பார்த்தேன், யாரும் இன்னும் கழற்றவில்லை.

சாமியார் ஒருவன்தான் கவனித்தான். பல் டாக்டரைத் தூக்கிய மறுநாள், மிதவைக் கயிறுகளை இறுக்கிக்கொண்டிருந்தபோது மெதுவாகச் சொன்னான். "தப்பா நினைக்காத. நீ கொஞ்சம் லேட்டா குதிக்கிற."

வயசாகிறது என்றேன்.

"கண்ணு டெஸ்ட் பண்ணிக்கோ" என்றான். கண் டாக்டரின் முகவரியைச் சீட்டில் எழுதியும் கொடுத்தான். அவனுக்கு அதற்குமேல் நினைக்கத் தெரியாது. அந்தச் சீட்டு இப்போதும் என் சட்டைப் பையில் இருக்கிறது.

இனி தையல்கார அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பதை நெருங்கியவர். முப்பது வருடம் தையல் மெஷின் மிதித்து முழங்கால் தேய்ந்து, தண்ணீரில் நடக்கச் சொல்லி டாக்டர் அனுப்பியிருந்தார். முதல் மாதம் இடுப்பளவுத் தண்ணீரில் கம்பியைப் பிடித்துக்கொண்டே நடந்தார். பிறகு மிதக்கக் கற்றுக்கொண்டார். பிறகு அவருக்கு நீச்சல் பைத்தியமே பிடித்துவிட்டது. உள்ளே வரும்போது முதலில் நாற்காலியைத்தான் பார்ப்பார். அதில் நான் இருந்தால் அவர் முகம் மலரும். "தம்பி, நீங்க மேல உக்காந்திருந்தா எனக்கு யானை பலம்" என்பார். சாமியார் இருக்கும்போது ஆழமான பக்கம் போக மாட்டார். அவன் சிலை மாதிரி இருக்கிறான், என்னைப் பார்க்கிறானா என்றே தெரியவில்லை என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். அவன்தான் அவரை எண்ணிக்கொண்டிருந்தான் என்று நான் சொல்லவில்லை.

என் மகளின் பள்ளிப் பாவாடையை அவர்தான் தைத்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். கீழே நான்கு விரல் துணியை உள்ளே மடித்துத் தைத்திருந்தார். "வளர்ற புள்ள, அடுத்த வருஷம் பிரிச்சு விட்டுக்கலாம்" என்றார். அப்படியெல்லாம் யோசிக்கிறவர்.

அன்று மதியம் மூன்று மணிக்கு என் முறை முடிந்தது. சாமியார் வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட்டான். அதற்குள் தையல்கார அக்கா படியில் நின்று என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். இன்றைக்குக் குறுக்கே நீந்திப் பார்க்கப்போகிறேன், ஆழமான பக்கத்தில் என்று சைகையிலேயே சொன்னார். முதல் தடவை. நான் சாமியாரிடம், "நீ போய் டீ குடிச்சிட்டு வா, நானே இருக்கேன்" என்றேன். இதில் வஞ்சகம் இல்லை என்று மூன்று வாரமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அக்காவுக்கு நான் மேலே இருந்தால் தைரியம், அதற்காகத்தான் இருந்தேன் என்று. அதுவும் உண்மை. ஆனால் அவர் தடுமாறக்கூடும் என்று எனக்குத் தெரியும், அந்த அரை மணியைச் சாமியாருக்கு விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை என்பதும் உண்மை. அவன் தயங்கினான். பதிவேட்டை மாற்ற வேண்டாமா என்று கேட்டான். வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விரட்டினேன். மூச்சு விடுவதற்குக்கூட விதியைப் பார்ப்பாயா என்று கிண்டலும் செய்தேன். இரண்டு பேருக்கும் ஒரே மஞ்சள் சட்டை, ஒரே தொப்பி. மேலே இருப்பது யார் என்று குளிக்கிறவர்கள் பார்க்க மாட்டார்கள். அக்காவைத் தவிர.

அந்த நேரத்தில் கூட்டம் இல்லை. ஆழமில்லாத பக்கத்தில் மூன்று பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். தூரத்து வரிசையில் ஒருவர் தலையைத் தண்ணீருக்குள் வைத்து நீந்திக்கொண்டிருந்தார். கேமரா வாசலைப் பார்த்துத்தான் இருக்கிறது. அக்கா பாதி தூரம் நன்றாகவே வந்தார். பிறகு கால் இழுத்துப்பிடித்திருக்க வேண்டும். கைகள் ஏணி ஏறத் தொடங்கின.

நான் பார்த்தேன். மோட்டார் அறையில் இல்லை, நாற்காலியில் இருந்தேன். பத்து நொடி என்ன, ஒரு நொடியில் பார்த்துவிட்டேன்.

ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினேன்.

பதினொன்றில் அவர் முகம் மேலே வந்தது. என்னைப் பார்த்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருப்பதையும் பார்த்தார். அவர் முகத்தில் பயம் குறைந்தது. அடித்துக்கொண்டிருந்த கைகள் கொஞ்சம் தளர்ந்தன. தம்பி பார்த்துவிட்டான், வந்துவிடுவான் என்று நினைத்திருக்க வேண்டும். மனிதர்களின் முகத்தைப் படிக்கத் தெரியாதவன் நான், ஆனால் அதைப் படித்தேன். முப்பத்தொன்றைத் தாண்டினேன். நாற்பத்து நான்கில் தலை உள்ளே போனது. ஐம்பதில் போகலாம் என்று நினைத்தேன். ஐம்பது வந்தபோது தண்ணீர் மேலே ஒன்றும் இல்லை, சுருக்கம்கூட இல்லை. கீழே நீலத்துக்குள் அவர் சட்டையின் நிறம் தெரிந்தது. என் வாழ்க்கையில் எதையும் அவ்வளவு கவனமாக நான் பார்த்ததில்லை. எண்பது வந்தது. எண்பது வந்த பிறகு நூறுக்கு முன்னால் நிறுத்த மனம் வரவில்லை. இதற்குமேல் எனக்குக் காரணம் தெரியாது. இருந்தால் எழுதியிருப்பேன்.

நூறில் குதித்தேன்.

தூக்கி வந்து கரையில் போட்டு, கற்றுக்கொடுத்த எல்லாவற்றையும் செய்தேன். மார்பை அழுத்தினேன், மூச்சு ஊதினேன், ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தவில்லை. என் முழங்கால் சிராய்ந்து ரத்தம் வந்ததை எல்லோரும் பார்த்தார்கள். ஒரு நிமிடம் முன்னால் எடுத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். அந்த ஒரு நிமிடம் எங்கே போனது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. பதிவேட்டைப் பார்த்தார்கள். சாமியாரைக் கேட்டார்கள். அவன், இடத்தை மாற்றிக்கொடுத்துவிட்டுத்தான் போனேன் என்றான். என்னைக் கேட்டபோது மோட்டார் அறை என்று என் வாய் சொன்னது. யோசித்துச் சொல்லவில்லை, அவ்வளவு சுலபமாக வந்தது.

இரண்டு நாள் கழித்துச் சாமியார் என் வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே நின்றான். முகச்சவரம் செய்யவில்லை. "நான் உன்கிட்ட சொல்லிட்டுத்தானே போனேன்? நீதானே இருக்கேன்னு சொன்ன?" என்றான்.

"எனக்கு ஞாபகம் இல்லடா" என்றேன்.

அவன் கோபப்படவில்லை. "அப்போ நான்தான் சொல்லாம போயிட்டேன் போல" என்றான். தலை தவறாமல் எண்ணுகிறவன், தன் மேலேயே சந்தேகம் வந்து திரும்பிப் போனான். அவனுக்குப் பின்னால் கதவைச் சாத்தியபோதுதான் எனக்கு முதல்முறையாக வெட்கம் வந்தது. அக்கா செத்ததற்கு வரவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். வந்தது, ஆனால் பிறகுதான் வந்தது. அந்த வரிசையைச் சொல்லத்தான் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

அக்காவின் கணவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நீங்க இருந்தும் முடியலன்னா அது அவ விதி தம்பி" என்றார். என் கைகளை இழுத்துக்கொள்ள முடியவில்லை, அவர் அழுது முடிக்கும்வரை கொடுத்துவிட்டு நின்றேன். போன வாரம் என் மனைவி மகளின் பாவாடை மடிப்பைப் பிரித்துவிட்டாள். நான்கு விரல் துணியும் புதிதாக இருந்தது, மற்ற இடமெல்லாம் வெளுத்திருந்தது. மகள் அதைப் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்று, நீளம் சரியாக இருக்கிறதா என்று கேட்டாள். நான் எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து இங்கே வந்தேன்.

ஆகவே சாமியார்மேல் எந்தத் தப்பும் இல்லை. அவன் சொல்லிவிட்டுத்தான் போனான், நான்தான் அனுப்பினேன். அவனை நாற்காலியில் திரும்ப உட்கார வையுங்கள், அவனைவிட நல்ல காவல் உங்களுக்குக் கிடைக்காது. நாற்காலியில் இருந்தது நான். பார்த்ததும் நான். எண்ணியதும் நான். கவனக்குறைவு என்று யாராவது இரக்கப்பட்டு எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அன்று என் கவனத்தில் ஒரு குறையும் இல்லை.

அதிகாரி இப்போது கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். இரண்டரை மணி நேரம் ஆகிவிட்டதாம். "தனியா உக்கார வெச்சிட்டோம், ரொம்ப போரடிச்சிருக்குமே?" என்று கேட்டார். இல்லை சார் என்றேன். சொல்லும்போதே முகம் சுட்டது. அவர் தலைக்கு மேலே சுவரில் ஒரு கடிகாரம் இருக்கிறது. எழுத உட்கார்ந்ததிலிருந்து அதை நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

தாள் போதுமா என்று கேட்டார். இரண்டு தாளும் நிறைந்துவிட்டன, எழுத இனி ஒன்றும் மீதி இல்லை. இருந்தும் இன்னொன்று கொடுங்கள் என்று கை நீட்டினேன்.